எலிச்சேத மதிப்பீடும் ஆகாயப் படமும்

நெல் வயலில் எலி விளைவிக்கும் சேதம் வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதன்று. எலியானது பெரும்பாலும் ஓரப் பயிரை விட்டுவிட்டு, மறைவுள்ள நடுப்பகுதிக்குச் சென்றே தூர்களைச் சாய்வாக வெட்டுகின்றது. ஓரம் பசுமையாய் நிற்க, உள்ளே வட்டமாக வெறுமை உண்டாகின்றது. குடியானவர் நஷ்டமென்று முறையிடுவதும், பார்வையிட வந்த அதிகாரி பயிர் நன்றாயிருக்கின்றதெனக் குறித்துச் செல்வதும், இருவரும் தாம் கண்டதையே சொன்னவராயிருப்பதும் இதனாலேயே நேருகின்றன.

டிரோன் என்னும் ஆளில்லா விமானம் இவ்வழக்கைத் தீர்க்கவல்லது. நூறடி உயரத்திலிருந்து எடுத்த படத்தில் ஒரு சாண் அகலமுள்ள இடைவெளியும் தெளிவாய்த் தெரியும். மருந்து தெளிக்கும் டிரோன் வேறு, படமெடுக்கும் டிரோன் வேறு என்பதை வாடகைக்குப் பேசும்போதே கவனித்தல் நலம். 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரிக்கப்பட்டிருப்பதால், தஞ்சை விமானப்படைத் தளத்தை அடுத்த ஊரார் தங்கள் பகுதி எதில் அடங்கியதென முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயினும் படம் காட்டுவது வெறுமையையேயன்றி எலியையன்று. புகையான் தாக்கிய இடமும் வட்டமாகவே காயும். உவர்த் திட்டும் அவ்வாறே தோன்றும். படத்திற் கண்ட இடத்திற்கு ஒருவர் இறங்கிச் சென்று, தாள் சாய்வாக அறுபட்டிருக்கின்றதா, நின்றபடியே காய்ந்திருக்கின்றதா என்று பார்த்தாலன்றி மதிப்பீடு செல்லாது. படம் எடுத்துவிட்டால் பணம் வந்துவிடும் என்னும் எண்ணமும் சரியன்று. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பிரதானப் பயிர்களின் மகசூல் நஷ்டம் கிராமத்தை ஓர் அலகாகக் கொண்டு கணிக்கப்படுகின்றமையால், ஒருவர் வயலின் எலிச்சேதம் அதில் தனியே தோன்றாது.

பின் இதன் பிரயோஜனந்தான் என்ன? அது படமெடுக்கும் பருவத்தைப் பொறுத்தது. தூர் கட்டும் பருவத்தில் வெட்டுண்ட பயிர் புதுத் தூர் விட்டு ஓரளவு ஈடு செய்துகொள்ளும். ஆதலால் அப்போது எடுத்த படம் நஷ்டத்தை மிகுத்துக் காட்டக்கூடும். பொதிப்பருவத்திற்குப் பின் வெட்டுண்டது திரும்பாது. அப்போதைய படமே நஷ்டக் கணக்கிற்கு ஏற்றது. ஆனால் அதற்குள் எலி பெருகிவிடும்; கதிர்களை வளைக்குள் சேர்க்கவும் தொடங்கிவிடும். இரண்டு படம் எடுக்க இயலாதவர் முதற்படத்தையே எடுத்தல் மேல். கணக்கு சற்றே தவறினும், வளையை வெட்டவும் கிட்டி வைக்கவும் அப்போதுதான் காலமிருக்கும்.

எலிக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒருவர் தம் வயலில் மட்டும் கிட்டி வைத்தால், அடுத்த வயலிலிருந்து எலி வந்துகொண்டேயிருக்கும். அறுவடைக்குப் பின் எலிகள் தங்குவது வாய்க்காற் கரையிலும் புறம்போக்கு மேட்டிலுமாகும். அவை தனியொருவர் பொறுப்பிலில்லை. ஒரு கண்டம் முழுவதையும் சேர்த்தெடுத்த படத்தில் வெறுமைத் திட்டுகள் எந்தக் கரையை ஒட்டி நெருங்கியிருக்கின்றன என்பது யாவர்க்கும் தெரியவரும். கிராம நிர்வாக அலுவலர் அப்படத்தில் சர்வே எண்களைக் குறித்துத் தம் அலுவலகத்தில் மாட்டிவைத்தால், எலி வேட்டைக்கு எல்லோரையும் ஒரே வாரத்தில் கூட்டுவது எளிதாகும். கரை சர்க்காருடையதாயின், அதைச் செப்பனிடும்படி மேலிடத்திற்கு எழுதவும் அப்படமே ஆதாரமாகும்.