ஓட்ஸும் ஆப்பிளும் கட்டாயமல்ல

சர்க்கரை நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் எழுதும்போது ஓட்ஸ், ஆப்பிள், பாதாம் என மருத்துவர்களாகிய நாங்கள் பழக்கத்தில் எழுதிவிடுகிறோம். அவற்றை வாங்க இயலாதவர்கள் கூச்சத்தால் எங்களிடம் சொல்வதில்லை. பட்டியலை மடித்து வைத்துவிட்டு, பழையபடி தட்டு நிறையச் சோறும் சிறிது குழம்புமாக உண்கின்றனர். இது எங்கள் பிழை என்றே கருதுகிறோம்.

நியாயவிலைக் கடையில் அரிசி இலவசம். ஆகவே தட்டில் சோறு பெருகுவது இயல்பே. அங்கேயே துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சோற்றைப் பாதியாகக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பிட்ட கீரைக் கூட்டை வையுங்கள். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. மாலையில் பஜ்ஜிக்குப் பதிலாக ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை போதும். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை. இன்சுலின் போடுவோரும் சிறுநீரகப் பாதிப்பு உள்ளோரும் மட்டும் மாற்றங்களுக்கு முன் எங்களைக் கேளுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. முதல் நாளே அதை எண்ணி மலைக்க வேண்டா. இரவு உணவுக்குப் பின் 10 நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். வெறுங்காலுடன் நடக்காதீர்கள். நெஞ்சில் இறுக்கம் தோன்றினால் நடையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

அடுத்த முறை வரும்போது வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், எதை வாங்க முடிகிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். அதை வைத்தே பட்டியலைத் திருத்தி எழுதுவோம்.