காளையைத் தேர்ந்தெடுப்பது சுழியா, மரபணுவா?

பொங்கல் நேரத்தில் லிட்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் மாடுகளைக் காண ஆண்டுதோறும் கூட்டம் திரள்கிறது. நகரத்துப் பிள்ளைகளுக்கு அது புதுமை. ஆனால் அந்த வட்டாரத்துக்கு மாடு புதிதல்ல. பஃபலோ ரோடு, மலாய் மொழியில் எருமையைக் குறிக்கும் கெர்பாவ் ரோடு, எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ், கோல்கத்தாவிலிருந்து வந்து கால்நடை வணிகம் செய்த பெலிலியோசின் பெயரைத் தாங்கும் பெலிலியோஸ் ரோடு என்று அங்குள்ள பெயர்ப் பலகைகளே அந்தக் கதையைச் சொல்லும்.

அந்தக் காலத்து மாட்டு வணிகர் காளையைக் கண்ணாலும் கையாலும் மதிப்பிட்டார். பல்லைப் பிடித்து வயதைக் கணித்தார். திமிலையும் குளம்பையும் பார்த்தார். நம் ஊர்களில் சுழி பார்க்காமல் மாட்டுக்கு முன்பணம் கொடுக்கமாட்டார்கள். இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகும், அந்தச் சுழி ஆகாது என்று சொல்வதற்கென்றே சந்தையில் ஆள் இருப்பார்.

இன்று அந்த இடத்துக்கு வேறொரு கணிப்பு வந்திருக்கிறது. கன்றின் வால்முடியோ காதுச் சதையோ சிறிதளவு போதும். அது வளர்ந்து காளையானால் அதன் வாரிசுகள் எவ்வளவு எடை போடும், எவ்வளவு பால் தரும், எவ்வளவு எளிதாகச் சினை பிடிக்கும் என்பதை ஆய்வுக்கூடம் எண்களாகச் சொல்லிவிடும்.

இந்தியாவில் இதற்கான முயற்சி இப்போது வேகம் பிடித்துள்ளது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய விலங்கு உயிரித்தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ‘இண்டிகௌ’ என்ற மரபணுச் சில்லு 2021 ஆகஸ்ட்டில் வெளியிடப்பட்டது. 2024 அக்டோபர் 5ஆம் தேதி மகாராஷ்டிராவின் வாஷிமில் பிரதமர் நரேந்திர மோடி, மாடுகளுக்கான ‘கௌ சிப்’, எருமைகளுக்கான ‘மஹிஷ் சிப்’ ஆகியவற்றை அறிமுகப்படுத்தினார். இது தமிழ்நாட்டின் காங்கேயத்துக்கும் உம்பளாச்சேரிக்கும் நல்ல செய்திதானா என்பதே நம் கேள்வி.

கணிப்பு எப்படி நடக்கிறது?

மாட்டின் மரபணுத் தொகுப்பில் ஏறத்தாழ மூன்று பில்லியன் எழுத்துகள் உள்ளன. அவற்றில் மாட்டுக்கு மாடு வேறுபடும் இடங்கள் பல மில்லியன். சில்லு அந்த இடங்களில் பல்லாயிரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் படிக்கிறது. இது வேலையின் பாதிதான்.

மறுபாதி, மேற்கோள் மந்தை. ஆயிரக்கணக்கான மாடுகளின் மரபணுவைப் படிப்பதோடு அவற்றின் பிறப்பு எடை, ஓராண்டு எடை, பால் அளவு, ஈன்ற தேதிகள், நோய்கள் ஆகியவற்றையும் வரிசையாகப் பதிவு செய்யவேண்டும். பிறகு எந்த இடத்தில் எந்த எழுத்து இருந்தால் எந்தப் பண்பு எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று கணினி மதிப்பிடுகிறது. அந்த மதிப்புகளைக் கூட்டித்தான் நேற்றுப் பிறந்த கன்றுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள்.

இதற்கான கணித அடிப்படையை மூவிசன், ஹேஸ், கொடார்ட் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் 2001ல் வெளியிட்டனர். 2009ல் அமெரிக்கக் கறவை மாட்டுத் துறை அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அதற்குமுன் ஒரு பொலிகாளை நல்லதா என்பதை அறிய அதன் மகள்கள் வளர்ந்து, ஈன்று, பால் கறக்கும்வரை ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். இப்போது கன்றுப் பருவத்திலேயே முடிவெடுக்கிறார்கள். 

இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளிலும் இதன் பயன் பெரிது. உயிரோடு நிற்கும் காளையின் இறைச்சித் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு மாடும் தின்னும் தீவனத்தை அளந்து பார்ப்பது செலவு மிகுந்த வேலை. மகள்களின் சினைத்திறனைக் காளையின் உடம்பில் தேடமுடியாது. அளக்கக் கடினமான இத்தகைய பண்புகளில்தான் மரபணுக் கணிப்பு கைகொடுக்கிறது.

ஆனால் ஓர் இனத்தின் பதிவுகளைக் கொண்டு உருவான கணிப்பு இன்னோர் இனத்துக்கு அப்படியே பொருந்தாது. முதன்முதலில் முழுமையாகப் படிக்கப்பட்டு 2009ல் வெளியான மாட்டு மரபணுத் தொகுப்பு, ஹெரெஃபர்ட் எனும் ஐரோப்பிய இனப் பசுவினுடையது. தொடக்ககாலச் சில்லுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய இனங்களை மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டன. திமில் உள்ள நம் மாடுகள் வேறொரு கிளையைச் சேர்ந்தவை. அவற்றுக்கென்று தனிச் சில்லு தேவைப்பட்டதற்குக் காரணம் இதுவே.

ஓங்கோலிலிருந்து பிரேசிலுக்கு

திமில் மாடுகளில் இந்தக் கணிப்பு எடுபடுமா என்ற ஐயத்துக்குப் பதில் பிரேசிலில் இருக்கிறது. 

சிங்கப்பூருக்கு வரும் மாட்டிறைச்சியில் பிரேசிலின் பங்கு பெரிது. அந்நாட்டு மாட்டு மந்தையில் பெரும்பகுதி ‘நெல்லோர்’ இனமும் அதன் கலப்பும். பெயரைக் கேட்டதும் தமிழருக்குப் புரிந்துவிடும். சென்னைக்கு வடக்கே உள்ள அதே நெல்லூர்தான். ஆந்திரக் கடலோரத்தின் ஓங்கோல் மாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரேசிலுக்குக் கப்பலேறின. கடைசிப் பெரிய இறக்குமதி 1960களின் தொடக்கத்தில் நடந்தது. அப்போது சென்ற ‘கர்வாடி’ என்ற காளையின் வழித்தோன்றல்கள் இன்று அங்கு எண்ணிலடங்கா.

வெயிலையும் உண்ணியையும் தாங்கும் உடல்வாகு இந்தியா கொடுத்தது. பிரேசில் அதோடு சேர்த்தது பதிவேடு. எந்தக் கன்றுக்கு எந்தக் காளை தகப்பன், எத்தனை மாதத்தில் என்ன எடை என்று பண்ணைகளும் வளர்ப்போர் சங்கங்களும் பல பத்தாண்டுகள் எழுதிவைத்தன. மரபணுச் சில்லு வந்தபோது, அதற்கு ஊட்டத் தேவையான தரவு அங்கே தயாராக இருந்தது. வியாட்டினா-19 என்ற நெல்லோர்ப் பசுவின் மதிப்பு 4 மில்லியன் அமெரிக்க டாலரைத் தாண்டி, உலகிலேயே விலை உயர்ந்த மாடு என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. அந்த விலை அதன் முட்டைகளுக்கும் வருங்கால வாரிசுகளுக்கும் உரியது.

இதில் ஒரு முரணும் உண்டு. குஜராத்தின் கிர் மாடுகளும் இப்படித்தான் பிரேசிலுக்குப் போயின. அங்கே பாலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மேம்பட்டன. பின்னர், அந்தக் கிர் காளைகளின் உறைவிந்தைப் பிரேசிலிலிருந்து வாங்க இந்தியாவே முடிவெடுத்தது. மாட்டை அனுப்பிய நாடு, மாட்டைப் பற்றிய கணக்கு இல்லாததால் அதே மாட்டை விலைகொடுத்து வாங்கும் நிலை.

ஒரே காளையை நம்பினால்

இதை மட்டும் படித்தால், உடனே நாமும் மதிப்பெண் போட்டுக் காளைகளை வரிசைப்படுத்தவேண்டும் என்று தோன்றும். கொஞ்சம் பொறுக்கவேண்டும். 

அமெரிக்காவில் 1962ல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் காளைக்கு 16,000 மகள்கள். அந்நாட்டு ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபணுவில் ஏறத்தாழ 14 விழுக்காடு அந்த ஒரு காளையிடமிருந்து வந்ததாக மதிப்பிடப்பட்டது. பால் பெருகியது. ஆனால் அது ஒரு கொடிய மரபணுப் பிழையையும் சுமந்திருந்தது. தாய், தகப்பன் இருவழியிலும் அந்தப் பிழை சேர்ந்தால் கரு தங்காது. உலகம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான கருக்கள் கலைந்தன என்றும் இழப்பு 420 மில்லியன் டாலர் என்றும் 2016ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

நல்ல காளை என்று எல்லாரும் ஒன்றையே தேடி ஓடினால் நேரும் விபத்து இது. அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததும் மரபணு ஆய்வுதான் என்பதையும் சொல்லவேண்டும். ஒரே கருவி, வேகத்தையும் தருகிறது, பாதுகாப்பையும் தருகிறது. எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது கருவியின் கையில் இல்லை.

காங்கேயத்துக்கு எந்தக் கட்டம்?

இனி தமிழ்நாட்டுக்கு வருவோம். காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி ஆகியவை அங்குள்ள நாட்டு இனங்கள். இவை பெரும்பாலும் உழைப்புக்காக வளர்க்கப்பட்டவை. உம்பளாச்சேரி காவிரிப் படுகையின் சேற்று வயலில் உழுதது. பர்கூர் மாடு மலைக்காட்டில் மேய்ந்து பழகியது. காங்கேயம் கொங்கு நாட்டின் கொரங்காட்டில், கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல நெற்றையும் தின்று, வறட்சியிலும் வண்டி இழுத்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தலைமுறைகளாக மந்தை வைத்துத் தேர்ந்தெடுத்ததால்தான் காங்கேயம் இன்றைய வடிவம் பெற்றது என்று கால்நடை நூல்கள் குறிப்பிடுகின்றன.

டிராக்டர் வந்தபின் அந்த உழைப்புக்கு விலை குறைந்தது. இந்தியாவின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 193 மில்லியன் மாடுகள். முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் வெளிநாட்டு, கலப்பின மாடுகள் பெருகின. நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்தன.

இந்த நிலையில் மதிப்பெண் முறை வந்தால் எந்தப் பண்புக்கு மதிப்பெண் என்பதே முதல் கேள்வி. பால் லிட்டரை அளப்பது எளிது. எடையை அளப்பதும் எளிது. மழை பொய்த்த ஆண்டில் காய்ந்த புல்லைத் தின்று உயிர் பிழைப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கட்டமே இல்லாத பண்புக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத காளையின் விந்து சேகரிக்கப்படாது. இரண்டு மூன்று தலைமுறையில் அந்தப் பண்பு மந்தையிலிருந்தே கழன்றுவிடும்.

தமிழ்நாட்டு மாட்டுக்காரர்களின் அச்சம் இங்குதான் தொடங்குகிறது. விந்து உற்பத்தி, செயற்கைக் கருவூட்டல், பொலிகாளைகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்த 2019ல் அந்த மாநிலம் சட்டம் இயற்றியபோது, கிராமத்துக் கோயில் காளைகளும் வீட்டுக் காளைகளும் ஓரங்கட்டப்படும் என்று நாட்டு மாட்டு ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நோயுள்ள விந்து பரவாமல் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் சான்றிதழ் கொடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பதைப் பொறுத்தே பலன் அமையும்.

2017ல் மெரினாவில் திரண்ட இளையர்கள் ஜல்லிக்கட்டை வெறும் விளையாட்டு என்று வாதிடவில்லை. நாட்டுக் காளைகளை வளர்க்க அது ஒரு காரணம் தருகிறது என்றார்கள். 2023 மே 18ல் இந்திய உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுச் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. வாடிவாசல் காளையைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் வாடிவாசல் தேடுவது வேகத்தையும் சீற்றத்தையும். அதுவும் ஒருவகைத் தேர்வுதான். கறவைக்கும் சினைத்திறனுக்கும் அங்கே மதிப்பெண் இல்லை.

சிங்கப்பூருக்குத் தெரிந்த பாடம்

‘நம்மைப் பற்றிய தரவு இல்லாவிட்டால் நமக்கான கணிப்பும் இல்லை’ என்பது சிங்கப்பூரர்களுக்குப் புதிய செய்தியல்ல. மனிதர்களின் நோய் அபாயத்தை மரபணுவால் கணிக்கும் முறைகள் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவில் வளர்ந்தவை. ஆசியர்களிடம் அவற்றின் துல்லியம் குறைகிறது. அதனால்தான் இங்குள்ள ஆய்வாளர்கள் 4,810 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து 2019ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். இப்போது அந்த முயற்சி 100,000 பேரை நோக்கி விரிந்துள்ளது.

மீனிலும் இதே கதை. டெமாசெக் உயிரறிவியல் ஆய்வுக்கூடம் கொடுவா மீனைப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து, மரபணுத் தகவலையும் பயன்படுத்தி, வேகமாக வளரும் வகையை உருவாக்கியுள்ளது. அதற்கு அடித்தளம், ஒவ்வொரு மீனையும் அளந்து எழுதிய பொறுமை.

சிறிய நாட்டால் முடிந்தது, பெரிய நாட்டின் சிறிய இனங்களுக்கும் முடியும். அதற்கு வழியும் இருக்கிறது. இந்தியாவில் மாடுகளின் காதில் 12 இலக்க அடையாள வில்லை பொருத்தப்பட்டு வருகிறது. அந்த எண்ணின்கீழ் சினை ஊசி போட்ட தேதி, காளையின் எண், ஈன்ற நாள், பால் அளவு ஆகியவற்றைப் பதியலாம். வில்லையைக் குத்துவதோடு வேலை முடிந்தால் அது வெறும் எண். தொடர்ந்து எழுதினால் அதுவே காங்கேயத்தின் மேற்கோள் மந்தை.

அந்த ஏட்டில் என்ன எழுதுவது என்பதை மாட்டுக்காரர்களோடு அமர்ந்து தீர்மானிக்கவேண்டும். பாலும் எடையும் இருக்கட்டும். எத்தனை ஈற்று கண்டது, கோடையில் எவ்வளவு மெலிந்தது, எத்தனை முறை மருத்துவரை அழைக்க நேர்ந்தது என்பவையும் இருக்கட்டும். இவையும் எண்ணாக மாறக்கூடியவைதான். அத்துடன், விவசாயி கொடுத்த தரவிலிருந்து உருவான கணிப்பு அவருக்கு எளிய விலையில் திரும்பக் கிடைக்கவேண்டும். கிர் மாட்டுக்கு நேர்ந்தது காங்கேயத்துக்கும் நேரக்கூடாது.

நம்மில் பலருக்கு ஊரில் இன்னும் மாடு வைத்திருக்கும் உறவினர் உண்டு. மாட்டிறைச்சி உண்பவரானாலும் உண்ணாதவரானாலும், பொங்கலுக்கு மாட்டைக் கும்பிடும் குடும்பத்துக்கு இதில் அக்கறை இருக்கும். அடுத்தமுறை தொலைபேசியில் பேசும்போது, “மாடு கன்னு போட்டுச்சா?” என்பதோடு நிறுத்தாமல், “எந்தக் காளைக்குப் போட்டது, எழுதி வச்சிருக்கீங்களா மாமா?” என்றும் கேட்கலாம். பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். சில வீடுகளில் அதன்பிறகாவது ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கப்படும்.