கடை நம்முடையது, கடவுச்சொல் யாருடையது?

வணிகப் பெருமக்களிடம் ஒரு கேள்வி. உங்கள் ஜி.எஸ்.டி. பதிவில் கொடுக்கப்பட்டிருக்கும் கைப்பேசி எண் யாருடையது? மின்னஞ்சல் முகவரி யாருடையது? சட்டென்று பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கட்டுரையைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் நமது பஜாரில் விசாரித்துப் பார்த்தால், "அதெல்லாம் ஆடிட்டரிடம் இருக்கிறது" என்ற பதில்தான் அதிகம் வருகிறது. (பட்டயக் கணக்காளரோ, வரி ஆலோசகரோ, கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பையனோ, நமக்கு எல்லோரும் ஆடிட்டர்தான்.)

கடைக்கு வாடகை கொடுப்பது நாம். முதல் போட்டது நாம். காலை 6 மணிக்கு ஷட்டரைத் தூக்குவதும் நாம். ஆனால் அரசாங்கம் நம்மிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் வேறொருவருடைய கைப்பேசிக்குத்தான் சொல்கிறது. இணையத்துக்கு மாறிவிட்ட வியாபாரத்தில் எரிச்சல்களுக்குப் பஞ்சமில்லை. 20-ஆம் தேதி சாயங்காலம் போர்ட்டல் சுற்றிக்கொண்டே நிற்கும். கடையில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து ஓ.டி.பி. கேட்பார்கள். வாடிக்கையாளர் "அனுப்பிவிட்டேன்" என்பார், சவுண்டு பாக்ஸ் வாயைத் திறக்காது. இவையெல்லாம் கொசுக்கடி. முதலில் கேட்டோமே அந்தக் கைப்பேசி விவகாரம், அதுதான் பாம்புக்கடி.

விற்பனை வரிக் காலத்தில் நோட்டீஸ் என்றால் ஆபீஸிலிருந்து ஆள் வருவார். கல்லாவில் இருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போவார். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் வரும். அன்று ராத்திரி தூக்கம் போகும் என்பது உண்மைதான். ஆனாலும் விஷயம் தெரிந்துவிடும். மறுநாளே பில் கட்டுகளை எடுத்துக்கொண்டு ஓடலாம். அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று புகழ வரவில்லை. செக்போஸ்டில் லாரி காத்துக் கிடந்ததையும், 'சி' பாரத்துக்காக ஊர் ஊராய் அலைந்ததையும், போன இடமெல்லாம் 'கவனித்து'விட்டு வந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வரிச் சோதனைச் சாவடிகள் ஒழிந்தன. அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

ஆனால் அதே சட்டத்தின் 169-ஆவது பிரிவை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நோட்டீஸையும் உத்தரவையும் எப்படியெல்லாம் சேர்ப்பிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நேரில் கொடுக்கலாம். பதிவுத் தபால், விரைவுத் தபால், கூரியரில் அனுப்பலாம். மின்னஞ்சலில் அனுப்பலாம். போர்ட்டலில் போட்டு வைக்கலாம். பத்திரிகையில் வெளியிடலாம், கடைக் கதவில் ஒட்டலாம். இத்தனை வழிகள் இருக்கும்போது அதிகாரிக்கு எது சுலபம்? நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஒரு பொத்தானைத் தட்டுவதுதான். ஆகவே போர்ட்டலில் ஏற்றுவதே வழக்கமாகிவிட்டது. ஏற்றிய தகவல் பதிவில் உள்ள எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் போகும். அங்கே யார் இருக்கிறார் என்பது போர்ட்டலின் கவலை அல்ல.

அந்த இடத்தில் ஆடிட்டர் எப்படி வந்து உட்கார்ந்தார் என்று யோசித்தால் அவரை மட்டும் குறை சொல்லத் தோன்றாது. வாட் பதிவிலிருந்து ஜி.எஸ்.டி.க்கு மாறிய சமயத்தில், துறையிலிருந்து தற்காலிக எண்ணும் கடவுச்சொல்லும் கொடுத்தார்கள். கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலோசகர் கையில் நூற்றுக்கணக்கில் கோப்புகள். ஓ.டி.பி. சில நிமிஷங்களில் காலாவதியாகிவிடும். அவர் போன் செய்தால் நாம் எடுக்க மாட்டோம். எடுத்தாலும், "கடையில் கூட்டம், அப்புறம் கூப்பிடுங்கள்" என்போம். அவர் என்ன செய்வார்? தன் எண்ணையே போட்டு வேலையை முடித்துவிட்டார். அன்றைக்கு நமக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

பிற்பாடு அந்த ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்த்த பையன் வேறு வேலைக்குப் போய்விட்டான். சில இடங்களில் ஆலோசகரே காலமாகிவிட்டார். சில இடங்களில் கட்டணத் தகராறு. கடவுச்சொல் கேட்டால் "பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. பல மாதம் பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசிக் கம்பெனி வேறு யாருக்காவது கொடுத்துவிடும். நம் கடையின் வரி விவகாரம் முன்பின் அறியாத ஒருவருடைய போனில் குறுஞ்செய்தியாக விழுந்துகொண்டிருக்கும். அவர் அதை அழித்துக்கொண்டிருப்பார்.

இதன் விளைவு 2023, 2024-ஆம் ஆண்டுகளில் முழுவதுமாகத் தெரிந்தது. 73-ஆவது பிரிவின்படி 2017-18-ஆம் ஆண்டுக்கு உத்தரவு போட 2023 டிசம்பர் 31 கடைசி நாள். 2018-19-க்கு 2024 ஏப்ரல் 30. 2019-20-க்கு 2024 ஆகஸ்ட் 31. கெடுவுக்கு முன் முடிக்க வேண்டுமென்று உத்தரவுகள் கொத்துக் கொத்தாக வந்தன. நமக்குச் சரக்குப் போட்ட மொத்த வியாபாரி தன் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் பில்லை ஏற்றாமல் விட்டிருப்பார். நாம் எடுத்த உள்ளீட்டு வரி பொருந்தாது. பில்லையும் பணம் கொடுத்த ஆதாரத்தையும் காட்டியிருந்தால் பேசித் தீர்க்கக்கூடிய சங்கதிதான். காட்டச் சொன்ன நோட்டீஸே கண்ணில் படவில்லையே! போதாக்குறைக்கு, அந்த ஆண்டுகளில் போர்ட்டலில் 'நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்று ஒரு பகுதியும், 'கூடுதல் நோட்டீஸ்கள், உத்தரவுகள்' என்று வேறொரு பகுதியும் தனித்தனியே இருந்தன. ஒன்றைத் திறந்து பார்த்து "ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருந்தவருக்கு மற்றொன்றில் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது.

பதில் வரவில்லை என்றால் அதிகாரி வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்து டி.ஆர்.சி-07 என்ற உத்தரவைப் போட்டுவிடுவார். அதுவும் போர்ட்டலில்தான். மேல்முறையீட்டுக்கு 3 மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி நினைத்தாலும் எடுத்துக்கொள்ள முடியாது. பிறகு வங்கிக்குத் தாக்கீது போகும். மொத்தக் கடைக்குக் கொடுத்த செக் திரும்பி வரும்போதுதான் கடைக்காரருக்கு முதல் செய்தி கிடைக்கும். வருஷக் கணக்கில் நாணயமாகக் கொடுக்கல் வாங்கல் செய்தவர், செக் திரும்பியவர் என்ற பெயரை ஒரே நாளில் வாங்குகிறார். கட்ட வேண்டிய வரியைவிட இந்த அவப்பெயர் பெரிது என்பது நம் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படிப்பட்டவர்கள் சென்னையிலும் மதுரையிலும் உயர் நீதிமன்றத்தின் படியேறினார்கள். பல வழக்குகளில், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதமோ 25 சதவீதமோ கட்டிவிட்டு மறுபடி விசாரணைக்குப் போகும்படி நீதிமன்றம் வழி விட்டது. பதிலே வராதபோது பதிவுத் தபால் போன்ற மற்ற வழிகளையும் அதிகாரி முயல வேண்டும் என்று 2025-இல் சொல்லியும் இருக்கிறது. ஆனால் போர்ட்டலில் ஏற்றினாலே போதுமானது என்ற தீர்ப்பும் உண்டு. ஆகவே நீதிமன்றம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. வக்கீல் கட்டணம், பயணம், கடை மூடிய நாட்கள் என்று கூட்டிப் பார்த்தால் சின்ன மளிகைக் கடைக்குக் கட்டுப்படியாகிற காரியமும் அல்ல. முதல் மூன்று ஆண்டுகளின் பாக்கிக்கு, 2025 மார்ச் 31-க்குள் வரியைக் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று 128-ஏ பிரிவில் ஒரு சலுகை வந்ததே, அதுவும் தன் மீது உத்தரவு இருப்பது தெரிந்தவருக்குத்தான் பயன்பட்டது.

வரி விஷயம் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டையையும் ஒரு தடவை உற்றுப் பாருங்கள். அதில் விழும் பணம் யார் கணக்குக்குப் போகிறது? மகன் கணக்கா, மருமகள் கணக்கா, கடைப் பையன் கணக்கா? "எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்பது நம் நியாயம். வருமான வரித் துறைக்குக் குடும்பம் தெரியாது, பான் எண்தான் தெரியும். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்தோம். யு.பி.ஐ. வரவை வைத்து, ஆண்டு விற்றுமுதல் 40 லட்ச ரூபாயைத் தாண்டிவிட்டது என்று சிறு கடைகளுக்கெல்லாம் நோட்டீஸ் போனது. வரியே இல்லாத காய்கறியும் பாலும் விற்றவர்கள்கூடத் தப்பவில்லை. பெங்களூரில் கியூ.ஆர். அட்டையைக் கிழித்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று போர்டு மாட்டினார்கள். கடைசியில் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று மாநில அரசு இறங்கி வந்தது. அட்டையைக் கிழிப்பதால் ஏற்கெனவே பதிவான வரவு அழியாது. வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு, அதில் நம் சொந்த எண் என்று வைத்துக்கொள்வதுதான் விவேகம்.

இந்தத் தனிக் கணக்கிலும் ஒரு கண்டம் இருக்கிறது. எங்கோ ஒரு மோசடியில் பறிபோன பணம் கை மாறி, அதில் 300 ரூபாய்க்கு ஒருவர் நம் கடையில் பருப்பும் எண்ணெயும் வாங்கிப் போயிருப்பார். பணத்தை இழந்தவர் 1930-இல் புகார் செய்வார். பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடக்கப்படும். வங்கியில் கேட்டால், "வேறு மாநிலப் போலீஸ் சொல்லியிருக்கிறது, அங்கே பேசிக்கொள்ளுங்கள்" என்பார்கள். காரணம் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. கிளை மேலாளரிடம் வாய்ப்பேச்சாக இல்லாமல் இதைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றைய தேதி பில் புத்தகம் இருந்தால் அதையே ஆதாரமாகச் சேர்க்கலாம். சில்லறை விற்பனைக்குப் பில் எதற்கு என்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, ஜி.எஸ்.டி. பதிவில் வேறொருவர் எண் இருந்தால் என்ன செய்வது? ஆலோசகரோடு சுமுகமாக இருப்பவர்கள் அவர் எதிரில் உட்கார்ந்தே மாற்றிவிடலாம். புதிய எண்ணுக்கும் புதிய மின்னஞ்சலுக்கும் ஓ.டி.பி. வரும், அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. கடவுச்சொல்லே கிடைக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. போர்ட்டலில் நம் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டுத் தேடினால் நாம் எந்த அதிகாரியின் எல்லைக்குள் வருகிறோம் என்று காட்டும். உரிய அடையாளச் சான்றுகளுடன் அவரிடம் நேரில் போனால் எண்ணையும் மின்னஞ்சலையும் அவரே மாற்றிக் கொடுக்கலாம். மாற்றிய பிறகும் கணக்கு வேலையை ஆலோசகர்தான் செய்யப் போகிறார். அதில் தவறில்லை. ஓ.டி.பி. மட்டும் நமக்கு வரட்டும், அவர் கேட்டால் சொல்லுவோம். அவர் கூப்பிடும்போது கூட்டத்தைக் கொஞ்சம் காக்க வைத்துவிட்டு போனை எடுக்கவும் வேண்டும்.

மாதம் ஒரு நாள், கடைக்கு விடுமுறை விடும் நாளாகவே இருக்கட்டும், நோட்டீஸ் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் படிக்க வராவிட்டால் கல்லூரியில் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்களுக்காகத்தான் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கிளைச் சங்க அலுவலகத்திலும் ஒரு கம்ப்யூட்டரும், அதைக் கையாளத் தெரிந்த ஒருவரும், மாதத்தில் 2 நாள் இந்த வேலைக்கென்றே இருந்தால் எத்தனையோ செக்குகள் திரும்பாமல் இருக்கும்.

துறையிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. பதில் வராத நோட்டீஸின் மேல் உத்தரவு போடுவதற்கு முன்பாக, கடை முகவரிக்கு ஒரு பதிவுத் தபால் அனுப்ப வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை; அதே 169-ஆவது பிரிவில் இருக்கிற வழிதான். லட்சக்கணக்கில் வரி கேட்கிறவர்கள் ஒரு தபால் செலவுக்குக் கணக்குப் பார்க்கலாமா? அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, வணிகவரித் துறை ஆணையருக்கு அனுப்பி வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். நோட்டீஸ் தெரியாமலே உத்தரவு வாங்கிய உறுப்பினர்கள் தங்கள் டி.ஆர்.சி-07 நகலைச் சங்கத்தில் கொடுத்தால் தீர்மானத்தோடு இணைத்து அனுப்ப வசதியாக இருக்கும்.