நம்பர் போட்டால் போதுமா?

"பிரிண்ட்டுதானே சார், ஜெராக்ஸ் மாதிரி. இதுக்கு எதுக்கு இவ்ளோ விலை?" அச்சோவியத்தைப் பற்றி நம்மூரில் புழங்கும் முதல் பொய் இது. இரண்டாவது பொய் சில விற்பனையாளர்களுடையது. ஒரு கேன்வாஸ் ஓவியத்தைப் போட்டோ எடுத்து, இங்க்ஜெட்டில் அடித்து, கீழே 7/50 என்று எழுதி, "லிமிடெட் எடிஷன், நல்ல இன்வெஸ்ட்மென்ட்" என்கிறார்கள். இருவருக்கும் ஒரே நோய்தான்: படம் எப்படி உண்டானது என்பதில் அக்கறை கிடையாது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவருக்கு இதை விளக்குவது சுலபம். அமிலம் உலோகத்தை அரிப்பதும் உருளையின் அழுத்தமும் அவருக்குப் புதிதல்ல. எட்சிங்கும் அதுதான். துத்தநாகத் தகட்டில் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, நைட்ரிக் அமிலத்தில் இறக்குகிறார்கள். அரித்த பள்ளத்தில் மை நிரப்பி, ஈரக் காகிதம் வைத்து, இரும்பு உருளைகளுக்கு நடுவே செலுத்துகிறார்கள்.

திருவள்ளூரை ஒட்டிய சித்தூர் பக்கம், நந்தனூரில் 1925இல் பிறந்தவர் கிருஷ்ணா ரெட்டி. சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்தவர். பாரிஸின் 'அட்லியே 17' பட்டறையில், ஒரே தகட்டிலிருந்து பல வண்ணங்களை எடுக்கும் முறையைச் சக கலைஞர்களோடு வளர்த்தெடுத்தார். கெட்டி உருளை மேட்டை மட்டும் தொடும், மெத்தென்ற உருளை பள்ளத்துக்குள்ளும் இறங்கும். எண்ணெய் கூடின மையும் குறைந்த மையும் கலக்காமல் விலகி நிற்கும். இதைப் போய் ஜெராக்ஸ் என்றால் என்ன சொல்ல?

ஒவ்வொரு அழுத்தத்திலும் தகடு கொஞ்சம் தேயும். எண்ணிக்கைக்கு வரம்பு வந்ததில் இந்தத் தேய்மானத்துக்கும் பங்குண்டு. மீதி, கலைஞர் தரும் வாக்கு: 50க்கு மேல் எடுக்க மாட்டேன் என்பது. டிஜிட்டல் கோப்பு தேயாது, அங்கே வாக்கு மட்டும்தான் மிச்சம். டிஜிட்டலில் படைப்பது குற்றமில்லை. அதை எட்சிங் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

ஆகவே வாங்கும்முன் கேளுங்கள். எந்த முறை? யார் அச்சிட்டது? மொத்தம் எத்தனை, கலைஞர் தனக்கென எடுத்துக்கொண்ட பிரதிகள் எத்தனை? கையெழுத்து பென்சிலில் இருக்கிறதா? எட்சிங் என்றால் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்தியிருக்கும், விரலில் தட்டுப்படும். கல்லச்சிலும் சில்க் ஸ்கிரீனிலும் அது இருக்காது. 7 என்ற எண் 43ஐவிட உசத்தி என்பதும் வெறும் கதை.

சரி, நல்ல பிரதியை வாங்கியாச்சு. அடுத்து என்ன செய்கிறோம்? ஃபிரேம் கடைக்குக் கொண்டுபோய், "லேமினேட் பண்ணிடுங்கண்ணே" என்கிறோம். அன்றோடு அதன் கதை முடிந்தது. லேமினேஷனைப் பிறகு சேதமில்லாமல் உரிக்க முடியாது. ஃபிரேமுக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டினால் எண்ணும் கையெழுத்தும் போய்விடும். பின்னால் வைக்கும் ஹார்டுபோர்டின் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும்.

கிழக்கே கடலும் பழவேற்காடு ஏரியும், பக்கத்தில் உருக்காலைப் புகையும் தூசும் உள்ள ஊரில் இன்னும் கவனம் வேண்டும். அமிலமில்லாத அட்டை வையுங்கள். கண்ணாடி படத்தில் ஒட்டக் கூடாது. செலோடேப் வேண்டாம், மேல் ஓரத்தில் மட்டும் கோதுமைப் பசை தடவிய மெல்லிய காகிதப் பட்டை போதும். வெயில் படும் சுவரும் ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் சுவரும் ஆகாது.

கிருஷ்ணா ரெட்டி 2018இல் இறந்துவிட்டார். ஒரே படம் 50 வீடுகளில் இருக்கலாம் என்பதுதான் அச்சோவியத்தின் நியாயம். நாளைக்கு என்ன விலை போகும் என்று கேட்பவர்கள், நாளைக்கு அந்தக் காகிதம் இருக்குமா என்று முதலில் கேட்கட்டும்.