"எழுத வராது" என்பது யார் எழுதிய தீர்ப்பு?



எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் பஞ்சாலைக்குப் போன பெண், சில ஆண்டுகள் கழித்துத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வருகிறாள். கரும்பு வெட்டப் போன பையன் மறுபடியும் புத்தகப் பையைத் தூக்குகிறான். இவர்களை வரவேற்கிறோம்.

ஆனால் "நீ எழுதுவாயா?" என்று கேட்டுப் பாருங்கள். தலை குனிகிறார்கள். "எனக்கு எழுத வராதுங்க" என்கிறார்கள்.

யார் புகட்டிய பாடம் இது? ஓவர்டைம் பாக்கியைத் தேதிவாரியாக நோட்டில் குறித்து வைத்தவள் அவள். தெருவுக்குக் குடிதண்ணீர் கேட்டு மனு எழுதியவன் அவன். இவை எழுத்தில்லையா? விடையை உருப்போட்டு ஒப்பிப்பதுதான் எழுத்தா?

மேதாவிகள் உபதேசிக்கிறார்கள்: "முதலில் பிழையில்லாமல் எழுதப் பழகட்டும், சொந்தமாக எழுதுவது அப்புறம்." நாம் கேட்கிறோம்: தண்ணீரில் இறங்காமல் நீச்சல் பழகியவன் உண்டா? பிழை திருத்தத்தான் வேண்டும். மனுவில் ஒரு சொல் பிசகினால் வழக்கே பிசகும். ஆனால் சிவப்பு மை பிழையைத் திருத்தட்டும். பிள்ளையையே அடித்துவிட வேண்டாம்!

இத்தாலியில், பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே மலைமேல் உள்ளது பார்பியானா. 1954-ல் அங்கு அனுப்பப்பட்ட பாதிரியார் லொரென்ஸோ மிலானி, அரசுப் பள்ளிகள் பெயிலாக்கித் துரத்திய ஏழைக் குடியானவர் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு பள்ளி நடத்தினார். அந்தப் பிள்ளைகளில் எட்டுப் பேர், பெயில் போட்ட ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். 1967-ல் அது புத்தகமாக வெளிவந்தது.

எப்படி எழுதினார்கள்? தோன்றியதையெல்லாம் துண்டுக் காகிதங்களில் குறித்தார்கள். துண்டுகளை மேஜையில் பரப்பி இனம் பிரித்தார்கள். சொன்னதையே சொன்ன இடங்களை வெட்டினார்கள். கடினமான சொற்களை நீக்கினார்கள். பள்ளி யார் வீட்டுப் பிள்ளைகளைத் தேர்ச்சியாக்குகிறது, யார் வீட்டுப் பிள்ளைகளைக் கழிக்கிறது என்று புள்ளிவிவரத்தோடு நிறுவினார்கள். நூலாசிரியராகத் தனி ஒருவர் பெயரைப் போடவில்லை; பார்பியானாப் பள்ளி என்றே போட்டார்கள். பெயிலான பிள்ளைகள் பள்ளிக்கே பரீட்சை வைத்தார்கள்!

நம் நாட்டிலும் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தன் ஞானபீடப் பரிசு பெற்றார். ஆனால் எல்லோரும் ஜெயகாந்தன் ஆக வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. பரிசு வாங்குகிறவர் மட்டுமே எழுத்தாளர் என்பது பணக்கார வீட்டுக் கணக்கு. தன் பாட்டைத் தன் சொல்லில் எழுதி, பிறரைப் படிக்க வைப்பவர் எவரும் எழுத்தாளரே.

இதிலே நம் வயிற்றுப்பாடு அடங்கியிருக்கிறது. "எனக்கு எழுத வராது" என்று நம்புகிறவன், பிறன் எழுதியதன் அடியில் கையெழுத்துப் போடுகிறான். வெறும் தாளில் வாங்கிய கையெழுத்து ராஜினாமாக் கடிதமாகும் கொடுமை தொழிலாளிக்குப் புதிதல்ல.

ஆகவே தோழர்களே, படிப்புக்குத் திரும்பும் பிள்ளைகளைச் சங்கத்துக்கு அழையுங்கள். நோட்டீசை, மனுவை, வாயிற்கூட்டச் செய்தியை அவர்கள் கையில் கொடுங்கள். கூட்டாக எழுதட்டும், கூட்டாகத் திருத்தட்டும்.

"எழுத வராது" என்ற தீர்ப்பை அவர்கள் கையாலேயே அடித்து எழுதட்டும்!