கல்லூரி கால்பந்து சீசன் வருது! குமாரபாளையம் பசங்க கோப்பையைத் தூக்குவாங்களா?

குமாரபாளையம்:

விசில் ஊதப் போகிறது!

ஆகஸ்டு பிறந்துவிட்டால் கல்லூரிகளில் கால்பந்து ஜுரம் ஏறிவிடும். பல்கலைக்கழகப் போட்டி, மண்டலப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று வரிசை கட்டி வரும். நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. ஆக, மொத்த சீசனும் மூன்றே மாதத்தில் முடிந்து போகும்.

இந்த மூன்று மாதத்தில் நம்ம ஊர்க் கல்லூரிப் பசங்க என்ன கிழிக்கப் போகிறார்கள்? இதுதான் கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று சக்கைப்போடு போடுவார்கள். அரை இறுதி வரை போனால் ஆச்சரியம் இல்லை. கோப்பை? இப்போது இருக்கிற நிலவரத்தில் கஷ்டம்தான்!

காரணம் பசங்களின் காலில் இல்லை. வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே ஊர், மூன்று பாதை!

குமாரபாளையத்தில் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? ஜே.கே.கே. நடராஜா, எஸ்.எஸ்.எம்., எக்செல், அரசு கலைக் கல்லூரி என்று பஸ்சில் போகும்போதே எண்ணலாம். காலை எட்டரை மணிக்கு பைபாஸ் ரோட்டில் நின்று பாருங்கள். கல்லூரி பஸ்கள் எறும்பு சாரை மாதிரி போகும்.

ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் இவர்கள் எல்லாம் தனித்தனித் தீவு!

கலைக் கல்லூரி மாணவன் சேலம் பெரியார் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிறான். என்ஜினீயரிங் மாணவன் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டிக்குப் போகிறான். பார்மசி படிப்பவனுக்கு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். ஒரே தெருவில் பிறந்து, ஒரே பந்தை உதைத்து வளர்ந்த மூன்று பேர், கல்லூரிக்குள் நுழைந்ததும் ஒருவரை ஒருவர் எதிர்த்துக்கூட ஆட முடிவதில்லை.

ஊரில் இருக்கிற நல்ல ஆட்டக்காரர்களை மூன்றாகக் கூறு போட்டால் எந்த அணி பலமாக இருக்கும்? நல்ல கோல் கீப்பர் ஒரு கல்லூரியில். நல்ல பார்வர்டு இன்னொரு கல்லூரியில். பாஸ் கொடுக்கத் தெரிந்தவன் மூன்றாவது கல்லூரியில்!

எல்லாரும் ஒரே களத்தில் மோதுகிற வாய்ப்பு முதலமைச்சர் கோப்பையில்தான் இருக்கிறது. அதில் பல்கலைக்கழகப் பிரிவினை கிடையாது. ஆனால் மாவட்டப் போட்டிக்கு நாமக்கல் போக வேண்டும். இங்கிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்தில் இருக்கிற ஈரோடோ வேறு மாவட்டம். விடியக் கிளம்பி, பஸ் மாறி, வெயிலில் போய் இறங்கி, உடனே பூட்ஸ் கட்ட வேண்டும். எதிரணி உள்ளூர்க்காரனாக இருந்தால் அவன் வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பான்!

தோற்றால் மூட்டை கட்டு!

இந்தப் போட்டிகள் பெரும்பாலும் 'நாக்-அவுட்' முறை. ஒரு ஆட்டம் தோற்றால் வீட்டுக்கு நடை. 16 அணி வந்தால் கோப்பைக்கு நாலு வெற்றி வேண்டும். 32 அணி வந்தால் ஐந்து வெற்றி. இரண்டு மூன்று நாளில் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்பதால், சில சமயம் ஒரே நாளில் இரண்டு ஆட்டம்.

இங்கேதான் நம்ம பக்கத்து அணிகள் சறுக்கும்.

முதல் பாதியில் ஓட்டம் பிரமாதமாக இருக்கும். சந்தேகமே இல்லை. ஆனால் பதினோரு பேரை மட்டும் நம்பி வந்த அணிக்கு, இரண்டாவது ஆட்டத்தின் கடைசி கால் மணி நேரத்தில் கால் பின்னும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பன்னிரண்டாவது, பதின்மூன்றாவது, பதினான்காவது ஆள்தான் அப்போது கோப்பையைத் தீர்மானிப்பவன். அவனை ஜூலையிலேயே பழக்கியிருக்க வேண்டும். பஸ் ஏறும்போது ஆள் எண்ணிக்கைக்கு இழுத்துப் போட்டால் ஆகாது.

அடுத்தது பெனால்டி. நாக்-அவுட்டில் 'டிரா' என்ற பேச்சே இல்லை. சமமாக முடிந்தால் ஆளுக்கு ஐந்து உதை. கோல் கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். உதைக்கிற இடம் 11 மீட்டர் தூரம். பழகியவனுக்கு இது ரெயில்வே கேட் மாதிரி விரியும். பழகாதவனுக்கு ஜன்னல் மாதிரி சுருங்கும்! தினமும் பயிற்சி முடிந்ததும் ஆளுக்குப் பத்து உதை. இதற்குக் காசு செலவில்லை. எந்த பி.டி. சார் இதை இன்றே தொடங்குகிறாரோ, அவருடைய அணி ஒரு சுற்று கூடுதலாகத் தாண்டும். பந்தயம் கட்டச் சொன்னாலும் இதில் கட்டலாம்.

தறிச் சத்தமும் பந்துச் சத்தமும்

நம்ம ஊர் தறி ஊர். லுங்கியும் துண்டும் நெய்கிற ஊர். அப்பா, அம்மா இரண்டு பேரும் பட்டறைக்குப் போனால்தான் வீட்டில் உலை கொதிக்கும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு, அது தீர்கிற வரை தறியை விட்டு நகர முடியாத குடும்பங்கள் எத்தனை!

அந்த வீட்டுப் பையன் கல்லூரி விட்டதும் மைதானத்துக்குப் போவானா, தார் சுற்றப் போவானா?

"பந்து சோறு போடுமா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஒரு ஜோடி நல்ல பூட்ஸ் வாங்கினால் வாரக் கூலியில் பெரிய துண்டு போய்விடும். அதனால் கேள்விக்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

பந்து சோறு போடும். ஆனால் எல்லாருக்கும் அல்ல. வழி தெரிந்தவனுக்கு மட்டும்!

கணக்கைப் பாருங்கள். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம். மத்திய அரசு வேலைக்கு விளையாட்டுக் கோட்டாவில் போகிறவர்களுக்கு 'படிவம் 3' என்று ஒரு சான்றிதழ். பல்கலைக்கழக அணிக்காக, இன்னொரு பல்கலைக்கழகத்தை எதிர்த்து ஆடியவனுக்குத்தான் அது கிடைக்கும். இந்தியன் வங்கி, ஐ.சி.எப்., சுங்கத்துறை, வருமான வரித்துறை என்று அலுவலக அணிகள் சென்னை லீக்கில் ஆடியிருக்கின்றன. அந்த அணிகளில் ஆடியவர்கள் பந்தை உதைத்துத்தான் மேஜை நாற்காலி வாங்கினார்கள்.

முதலமைச்சர் கோப்பையில் 2024-ம் ஆண்டு மாநில அளவில் வென்ற குழுவுக்கு ஆளுக்கு 75 ஆயிரம் ரூபாய் முதல் பரிசு. ஒரு தறிக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது புரிகிறதா, இந்த சீசனில் எது பணயம் என்று?

கோப்பை ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரிகளுக்குள் நடக்கிற போட்டியைப் பார்த்துத்தான் பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் சுற்றிலேயே அணி தோற்றால் நல்ல ஆட்டக்காரனைத் தேர்வாளர் பார்ப்பது ஒரே ஒரு ஆட்டம். அதில் அவனுக்குப் பந்தே வராமல் போனால்? அவனுடைய படிவம் 3 அங்கேயே கிழிந்தது! அணி இன்னும் இரண்டு சுற்று தாண்டினால் அதே பையனை மூன்று முறை பார்ப்பார்கள். ஒரு பெனால்டி கோல் கோப்பையைத் தராமல் போகலாம். ஒரு வீட்டுக்கு மாதச் சம்பளத்தைத் தரலாம்.

ஒரு ஏக்கர் எங்கே?

நகராட்சி விவகாரத்துக்கு வருவோம்.

கால்பந்து விதிப்படி மைதானத்தின் குறைந்தபட்ச நீளம் 90 மீட்டர், அகலம் 45 மீட்டர். பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட சரியாக ஒரு ஏக்கர்! சர்வதேச ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் போடுகிற 105-க்கு 68 மீட்டர் என்றால் ஒன்றே முக்கால் ஏக்கர்.

2011 கணக்கெடுப்பில் சுமார் 71 ஆயிரம் பேர் இருந்த ஊர் இது. ஒரு ஏக்கர் காலி இடத்தைப் பார்த்தால் நமக்கு என்ன தோன்றும்? பிளாட் போடலாம், பட்டறை கட்டலாம். காலியாக விட்டால் யாராவது கட்டிட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுவார்கள்.

பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் மைதானம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டால் அது யாருக்கு? அந்தந்த நிர்வாகம் மாலை ஏழு மணி வரை கேட்டைத் திறந்து வைத்தால் போதும். நகராட்சி இரண்டு விளக்குக் கம்பம் போட்டு, முள் செடியை வெட்டி, ஒரு குடிதண்ணீர்க் குழாய் வைத்தால் போதும். கோடிக்கணக்கில் ஸ்டேடியம் யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை வாலிபப் பையன் எங்கே நிற்கிறான் என்பது சின்ன விஷயம் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செய்திக்காக நிற்கிற எவனுக்கும் இது தெரியும். லாட்டரியை 2003-ல் தடை செய்தார்கள். பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டுக்கு 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டில் தடைச் சட்டம் வந்தது. தடை போட்டால் மட்டும் போதுமா? அந்த இரண்டு மணி நேரத்துக்கு வேறு ஏதாவது கையில், இல்லை காலில், கொடுக்க வேண்டாமா?

பெண்கள் முந்துவார்கள்!

இன்னொரு விஷயம். இதைப் படித்துவிட்டுச் சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள்.

குமாரபாளையத்துக்குக் கால்பந்தில் பெரிய கோப்பை வந்தால் அது முதலில் பெண்கள் கையில்தான் வரும்!

சும்மா சொல்லவில்லை. தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-ல் மணிப்பூரையும், 2023-ல் அரியானாவையும் இறுதி ஆட்டத்தில் தோற்கடித்துப் பட்டம் வென்றது. மதுரை சேது எப்.சி. 2019-ல் இந்திய பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. இந்தியப் பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே 2-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. ஆண்கள் அணியோ அதே மாதம் உலகத் தரவரிசையில் 133-வது இடத்துக்கு இறங்கியது.

பெண்கள் பிரிவில் அணிகளும் குறைவு. ஒழுங்காகப் பழகின பதினைந்து பெண்கள் இருந்தால் மாவட்டத்தைத் தாண்டலாம். தடை எங்கே? வீட்டு வாசலில்! "இருட்டுறதுக்குள்ள வந்துரு கண்ணு" என்பதில் பயிற்சி பாதியில் நிற்கிறது. விளக்குக் கம்பம் கேட்பது இதற்காகவும்தான்.

என்ன செய்யலாம்?

கல்லூரி நிர்வாகங்களுக்கு: ஜூலைக் கடைசியில் ஊருக்குள்ளேயே ஒரு 'டவுன் கப்' நடத்துங்கள். எல்லாக் கல்லூரியும் ஆடட்டும். சனி, ஞாயிறு போதும். ஐந்தாறு நல்ல ஆட்டம் ஆடிவிட்டுப் போகிற அணிக்கும், நேராகப் போய் நிற்கிற அணிக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பக்கத்திலேயே பவானி இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் நட்பு ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காதா?

பேராசிரியர்களுக்கு: போட்டிக்குப் போன நாளுக்கு 'ஓ.டி.' போடுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். 75 சதவீத வருகை இல்லை என்று பரீட்சைக்கு உட்கார முடியாமல் போனால், அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து எவனும் பந்தைத் தொட மாட்டான்.

கடைக்காரர்களுக்கு: கோயில் நோன்பிக்கு நன்கொடை தருகிற கை உங்கள் கை. பயிற்சி முடிந்த பையனுக்கு ஆளுக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால். ஒரு மாதத்துக்கு ஒரு கடை ஏற்றுக்கொண்டால் மூன்று கடையில் ஒரு சீசனே ஓடிவிடும்.

பையன்களுக்கு: அரியர் வைக்காதே. பெனால்டி பழகு. ரெப்ரியிடம் வாய் கொடுக்காதே. சிவப்பு அட்டை வாங்கினால் அடுத்த ஆட்டத்தில் நீ வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

குராசோ தெரியுமா?

கரீபியன் கடலில் குராசோ என்று ஒரு தீவு. ஜனத்தொகை சுமார் ஒன்றரை லட்சம். குமாரபாளையம் மாதிரி இரண்டு ஊர், அவ்வளவுதான்! 2025 நவம்பரில் அந்தத் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 48 நாடுகளுக்கு இடம் ஒதுக்கிய அந்தக் கோப்பையிலும், 140 கோடிப் பேர் உள்ள இந்தியாவுக்கு இடம் இல்லை.

எப்படி முடிந்தது? அந்த அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்து நாட்டில் வளர்ந்தவர்கள். நல்ல மைதானத்தில், நல்ல பயிற்சியாளரிடம் சின்ன வயதிலிருந்து ஆடியவர்கள். ஆக, ஆள் கணக்கு முக்கியம் இல்லை. பழகுகிற இடம்தான் முக்கியம். ஒன்றரை லட்சத்தில் பதினோரு பேர் கிடைத்தால், நம்ம ஊரில் கிடைக்க மாட்டார்களா?

உலகக் கோப்பை என்றால் டீக்கடை பெஞ்சில் மெஸ்சிக்கும் ரொனால்டோவுக்கும் சண்டை போடுகிறோம். நடுராத்திரி டி.வி. பார்க்கிறோம். நல்லதுதான். ஆனால் நம்ம தெருப் பையன் பூட்ஸ் கட்டிக்கொண்டு இறங்குகிற ஆட்டத்தைப் பார்க்க எத்தனை பேர் போயிருக்கிறோம்?

இந்த சீசனில் ஒரு ஆட்டத்துக்காவது போய் நில்லுங்கள். டிக்கெட் கிடையாது. கை தட்டினால் போதும்.

அந்தச் சத்தத்தில் ஒரு கோலாவது கூடுதலாக விழும்!