பிழைத்த வயலுக்கும் நிவாரணம் வேண்டும்

ஃபெஞ்சல் புயல் மழை கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட 2024 டிசம்பரில், 33 விழுக்காட்டுக்குக் குறையாமல் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவித்தது. அழிந்த பயிருக்கு அது நியாயம். மூழ்கி எழுந்து, மஞ்சள் பாரித்து நிற்கும் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் கடைமடைச் சம்பா இந்தக் கணக்குக்குள் வருவதில்லை.

தண்ணீர் நெல்லுக்குப் பகையல்ல. வயலில் நீர் தேங்கிய ஓரிரு நாளில் மண்ணின் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். பிறகு நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாகப் பயன்படுத்திச் சுவாசிக்கின்றன. இரும்பு கரையும்போது அதில் ஒட்டிக்கிடந்த மணிச்சத்து பயிருக்குக் கிடைக்கிறது. அமில மண்ணும் கார மண்ணும் நடுநிலையை நோக்கி நகர்கின்றன. இந்த வேதியியலை 1972-ல் விரிவாக எழுதிவைத்தவர் பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கையர் எஃப். என். பொன்னம்பெரும.

வெள்ளம் வடியாமல் நிற்கும்போதுதான் வினை. துத்தநாகம் கரையாத வடிவத்துக்குப் போய்விடும். சல்பைடு சேர்ந்து வேர் கறுக்கும்.

வடகிழக்குப் பருவமழை விட்டுவிட்டு அடிப்பது இன்னொரு இழப்பு. வயல் காயும் நாட்களில் அமோனியம் நைட்ரேட்டாக மாறுகிறது. அடுத்த மழையில் வயல் மூழ்கினால் அந்த நைட்ரேட் வாயுவாகிக் காற்றோடு போகிறது. போட்ட உரத்தின் தழைச்சத்தில் ஒரு பங்கு பயிருக்குச் சேராமலே கரைகிறது.

மஞ்சளைக் கண்டதும் கை யூரியா மூட்டையைத் தேடுவது இயல்பு. 45 கிலோ மூட்டை மானிய விலையில் 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. ஆனால் துத்தநாகக் குறைக்கு யூரியா மருந்தல்ல. தேங்கிய நீரில் வீசினால் அதுவும் வீண். நீரை வடித்துவிட்டு, ஏக்கருக்கு 2 கிலோ யூரியா, 1 கிலோ ஜிங்க் சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்து இலைவழி தெளிப்பதே நெடுநாள் பரிந்துரை.

ஆகவே முதல் வேலை, வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் போய்ச் சேரும் வடிகால்களை ஐப்பசிக்கு முன்பே தூர்வாருவது. அடுத்தது, கூட்டுறவுச் சங்கங்களில் ஜிங்க் சல்பேட்டை முன்கூட்டியே இருப்பு வைப்பது. சேதம் கணக்கெடுக்க வரும் குழு, பிழைத்த வயல்களின் சத்துக்குறையையும் பதிந்து, அன்றே மருந்துக்குச் சீட்டு தரட்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் புலம் இந்த வயல்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. கணக்கெடுப்பில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். தூர் கட்டும் பருவம் முடிவதற்குள் இது நடக்க வேண்டும். தைக்குப் பிறகு வரும் பணத்தால் குறைந்துபோன கதிர்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது.